குதிரைத் தடை தாண்டலுக்கு உழைத்தவர்கள்: நம்ம நெல்லைச் சீமையில் யாரை மேடையேற்றுவது?

பொருநைக்கரையான்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் நாங்கள் சிலர் குதிரையேற்றம் பழகி வருகிறோம். மழை முடிந்து தை பிறந்ததும் சின்ன அளவில் ஒரு ஷோ ஜம்பிங் போட்டி, அதாவது குதிரையில் ஏறித் தடை தாண்டுகிற போட்டி, நடத்தலாம் என்று இருக்கிறோம். கடைசியில் இந்த விளையாட்டுக்கு உழைத்தவர்களுக்கு ஒரு பாராட்டும் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. பேச்சு வந்த உடனே பெயர்களும் வந்துவிட்டன: இடம் கொடுத்தவர், பந்தல் போடப் பணம் கொடுத்தவர், பிளெக்ஸ் அடித்துத் தருகிறேன் என்றவர். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த விளையாட்டுக்கு உழைத்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனசு ஒப்பவில்லை.

அமெரிக்காவில் ஷோ ஜம்பிங்குக்கென்றே ஒரு கௌரவப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், 1987 முதல். அதில் சவாரி செய்தவர்கள் மட்டும் இல்லை, பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், குதிரைகளும் இருக்கின்றன. ஸ்னோமேன் என்ற குதிரையின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஏர் இழுத்துக்கொண்டிருந்த குதிரை. 1956-இல் பென்சில்வேனியாவில் ஒரு ஏலச் சந்தையில் விலை போகாமல் கசாப்புக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஹாரி டி லேயர் என்பவர் அந்த லாரியிலிருந்து அதை 80 டாலருக்கு இறக்கினார். நெதர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர், ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர். அப்புறம் பக்கத்தில் இருந்த ஒரு டாக்டருக்கு அதை விற்றுவிட்டார். அது வேலியைத் தாண்டித் தாண்டி இவர் வீட்டுக்கே திரும்பி வந்தது. அப்போதுதான் இதற்குத் தாண்ட வரும் என்று தெரிந்தது. இரண்டே வருடத்தில், 1958-இல், நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அந்த வருடத்தின் தலைசிறந்த குதிரை என்று பட்டம் வாங்கியது. மறு வருடமும் வாங்கியது. 1974-இல் செத்துப்போன அந்தக் குதிரையின் பெயரை 1992-இல் பட்டியலில் சேர்த்தார்கள்.

செத்து 18 வருடம் கழித்து ஒரு குதிரையை நினைத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. நம் ஊரில் யாரை, எதை, எப்படி நினைத்து வைப்பது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


வல்லநாட்டுச் சாரதி

தம்பி, நல்ல பேச்சு ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் தடை தாண்டுகிற ஆள் இல்லை, குதிரை வண்டிப் பந்தயத்தில் இருந்தவன். தூத்துக்குடி, நெல்லை இரண்டு ஜில்லாவிலும் கோயில் கொடை என்றால் பெரிய குதிரை, சின்ன குதிரை என்று பிரித்துப் பந்தயம் விடுவார்கள். பரிசு கொடுக்கும்போது மைக்கில் முதலில் வருவது வண்டிக்காரர் பெயர், அதாவது குதிரை யாருடையதோ அவர் பெயர். ஓட்டின சாரதிக்கு ஒரு துண்டு. விடியற்காலை எழுந்து கொள்ளு ஊறவைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, ராத்திரி பூராவும் பக்கத்தில் படுத்திருந்த ஆளுக்கு அதுவும் கிடையாது. அந்த ஆள் எங்கே நிற்பார் தெரியுமா? மேடைக்குப் பின்னால், குதிரையைப் பிடித்துக்கொண்டு.

உங்கள் விழாவிலும் அதே மாதிரி நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் நான் சொல்ல வந்தது.


பேட்டைக்காரன்

குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். மனதில் பட்டதைச் சொல்கிறேன். பாராட்டு என்றால் சாதனை வேண்டும். நம் ஜில்லாவில் ஷோ ஜம்பிங்கில் மாநில அளவில் பேர் சொல்கிற மாதிரி இன்னும் யாரும் வரவில்லை. முதலில் ஒரு பதக்கம் வரட்டும், அப்புறம் பாராட்டலாம். இல்லாவிட்டால் பொன்னாடைக்கே மதிப்புப் போய்விடும். ஏற்கெனவே நம் ஊர் மேடைகளில் பொன்னாடை அதிகம்.


காயல் துறை

பேட்டைக்காரன் அண்ணாச்சிக்கு நம் சீமையின் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் இருந்த காயல் துறைமுகம் அந்தக் காலத்தில் குதிரை இறக்குமதிக்குப் பேர்போனது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று விலை சொல்கிறார். கப்பலில் வரும்போது செத்துப்போன குதிரைக்கும் அந்தப் பணம் கொடுக்கப்பட்டதாம். அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் ஏறிப் பாருங்கள், கப்பலில் குதிரைகளோடு வருகிற அரபு வணிகர்களைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள். மரச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சுவர்களையும் நின்று பார்க்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பாண்டிய அரசர்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கினார்கள், வருடக் கடைசியில் அவற்றில் 100 கூட உயிரோடு இருக்காது என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். காரணமும் சொல்கிறார்: குதிரையைப் பேணத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் வரவிடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே மறுபடி விற்க முடியும்!

கணக்கில் அவர் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனால் பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கிய இடத்தில், லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்த ஆள் இல்லாமல் குதிரைகள் செத்தன என்பதை மட்டும் நாம் விடக்கூடாது. அப்படிப்பட்ட சீமையில் இன்றைக்கு ஒருவர் ஒரு குதிரையின் குளம்பைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அதுவே சாதனைதான். பதக்கம் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டுமா?


லாடக்கடை

காயல் துறை சொன்னது எங்கள் வீட்டுப் பேச்சு. எங்கள் அப்பா ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். நெல்லை ஜங்ஷனில் ஜட்கா ஸ்டாண்டு இருந்த காலம் அது. இப்போது நான் மாட்டுக்குத்தான் அதிகம் அடிக்கிறேன், குதிரை எப்போதாவது வரும்.

தாண்டுகிற குதிரைக்கு லாடம் வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். தாண்டி இறங்கும்போது முழு உடம்பின் கனமும் முன்னங்காலில் விழும். குளம்பின் முன்பக்கம் நீளமாக வளர்ந்து கிடந்தால் அந்த இழுப்பு அத்தனையும் பின்னால் இருக்கிற நரம்புக்குப் போகும். சீவும்போது இடது வலது ஒரே மட்டமாக இல்லாவிட்டால் கணுக்கால் ஒரு பக்கமாகத் தேயும். ஐந்தாறு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். ஆணி ஒரு நூல் உள்ளே போனால் குதிரை நொண்டும், பேர் கெடுவது எனக்கு. சரியாக அடித்தால் யாருக்கும் என் பேர் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வராது.

எனக்காகக் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் பெயரையாவது ஒரு இடத்தில் எழுதி வையுங்கள்.


பேட்டைக்காரன்

லாடக்கடை அண்ணாச்சி, உங்கள் தொழிலைக் குறைத்துச் சொல்லவில்லை. நான் கேட்பது இதுதான். உலகத்தில் எங்கேயாவது சவாரி செய்யாதவருக்கு, ஜெயிக்காதவருக்குப் பெரிய கௌரவம் கொடுத்திருக்கிறார்களா? இல்லை, நாமாக ஆரம்பிக்கிறோமா?


நீலகிரி லயன்

கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, இந்த விளையாட்டைக் கற்றது வெளியூரில். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2009 முதல் வருட விருதுகள் கொடுக்கிறது. அதில் சிறந்த வீரர் விருது ஒன்று. சிறந்த குதிரைப் பராமரிப்பாளருக்கென்று தனியாக இன்னொன்று. வல்லநாட்டு அண்ணாச்சி சொன்ன, மேடைக்குப் பின்னால் நிற்கிற ஆள் அவர்தான். அங்கே அவரை மேடைக்கு முன்னால் கூப்பிடுகிறார்கள்.

பெர்டாலன் டி நெமெத்தி என்று ஒருவர். ஹங்கேரி குதிரைப்படை அதிகாரி. போருக்குப் பிறகு அமெரிக்கா போய், 1955 முதல் 1980 வரை அந்த நாட்டு ஷோ ஜம்பிங் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அவர் காலத்தில்தான் 1968-இல் மெக்சிகோவில் வில்லியம் ஸ்டெயின்கிராஸ், ஸ்னோபவுண்ட் என்ற குதிரையில் தனிநபர் தங்கம் வாங்கினார். குதிரையேற்றத்தில் அமெரிக்காவுக்கு அதுவே முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். (அந்த ஸ்டெயின்கிராஸ் இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் போர் செய்தவர். பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய பெரியவர்கள் நம் பக்கத்துக் குடும்பங்களில் உண்டு என்பதால் சொல்கிறேன்.) டி நெமெத்தி தரையில் தாழ்வாகக் கட்டைகளைப் போட்டு, குதிரை தானாகக் காலை அளந்து வைக்கப் பழக்குவார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தடைகளை எந்த வரிசையில், எந்த இடைவெளியில் வைப்பது என்று வடிவமைத்ததும் அவர்தான். அந்தக் களத்தில் டச் ஆஃப் கிளாஸ் என்ற பெண்குதிரை, பந்தயத்துக்காக வளர்த்த சின்ன உடம்புக் குதிரை, தாண்ட வேண்டிய 91 தடைகளில் 90-ஐத் தட்டாமல் தாண்டியது. ஏறியிருந்த ஜோ ஃபார்கிஸுக்குத் தங்கம். அந்த வெற்றியில் களம் அமைத்தவருக்கும் பங்கு உண்டு. நியாயமான களமாக இல்லாவிட்டால் நல்ல குதிரையின் திறமை வெளியே தெரியாது.

இன்னும் பின்னால் போனால் இத்தாலியின் ஃபெடரிகோ காப்ரில்லி. 1907-இலேயே இறந்துவிட்டார். அவருக்கு முன்னால் தடை தாண்டும்போது சவாரி செய்பவர் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார். குதிரை வாயும் முதுகும் வலியில் துடிக்கும். குதிரையோடு சேர்ந்து முன்னால் குனிந்து, அதன் முதுகை விட்டுக்கொடுங்கள் என்றார் அவர். இன்றைக்கு உலகத்தில் தடை தாண்டுகிற ஒவ்வொருவரும், பாளையங்கோட்டையில் பழகுகிற பிள்ளை உட்பட, அவர் சொன்ன மாதிரிதான் உட்காருகிறார்கள். எத்தனை பதக்கத்தை அடுக்கினால் இதற்கு ஈடாகும்?


ராமையன்பட்டி மாணவி

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். நீலகிரி லயன் அண்ணா, ஹண்டர் என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அதற்கும் ஷோ ஜம்பிங்குக்கும் என்ன வித்தியாசம்? நடுவரின் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். அப்படியென்றால் அதில் யாருடைய உழைப்பைப் பாராட்டுவது?


நீலகிரி லயன்

நல்ல கேள்வி தங்கச்சி. ஷோ ஜம்பிங்கில் கணக்கு வெளிப்படை. ஒரு கட்டை விழுந்தால் 4 தப்புப் புள்ளி, நேரம் தாண்டினால் அதற்கும் புள்ளி, குறைந்த தப்பும் குறைந்த நேரமும் உள்ளவர் ஜெயிப்பார். ஒலிம்பிக்கில் தடை ஒன்றரை மீட்டருக்கும் மேல் போகும். குதிரை காலை எப்படித் தூக்கியது என்று யாரும் கேட்பதில்லை, கட்டை விழக்கூடாது, அவ்வளவுதான்.

ஹண்டர் வேட்டைக் களத்திலிருந்து வந்தது. நாய்களோடு நரி துரத்தும்போது நாள் முழுக்க வேலி, மதில், புதர் எல்லாவற்றையும் பதற்றமில்லாமல் தாண்டுகிற குதிரை வேண்டும். நம் ஊட்டியிலேயே வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர் காலத்து வேட்டைக் கழகம் ஒன்று இருந்தது, அங்கே துரத்தியது குள்ளநரியை. அந்தக் குணத்தைப் போட்டியாக மாற்றியதுதான் ஹண்டர். தடைகளை மரக்கட்டை, புதர், மதில் என்று இயற்கையாகத் தெரிகிற மாதிரி வைப்பார்கள். வேகம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருக்க வேண்டும். தாண்டும்போது முன்னங்கால் முட்டி இரண்டும் ஒரே மட்டத்தில் மேலே வர வேண்டும், முதுகு வில்லாக வளைய வேண்டும், காது முன்னால் இருக்க வேண்டும். நடுவர் 100-க்கு மதிப்பெண் போடுவார்.

இதை ஒரு மாதத்தில் பழக்க முடியாது. குதிரைக்குப் பயம் காட்டி வளர்த்திருந்தால் அது காதில் தெரியும், வாலில் தெரியும். பிடரியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி, ரோமம் மினுங்கக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ராத்திரி பூரா வேலை இருக்கிறது. அதனால் ஹண்டரில் குதிரையை வளர்த்தவர், முதன்முதலில் பழக்கியவர், தினமும் தேய்த்துவிட்டவர் எல்லோரும் அந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹண்டர் குதிரைகளுக்கென்று தனிக் கௌரவப் பட்டியலே உண்டு.


சேரன்மாதேவி ஆசிரியை

நம் நாட்டு விவரத்தையும் கொஞ்சம் சேர்க்கிறேன். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தனிநபர் ஈவென்டிங்கில் (மூன்று விதக் குதிரையேற்றம் சேர்ந்த போட்டி) தங்கம் வாங்கினார், அணிக்கும் தங்கம். அதற்குப் பிறகு அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு 36 வருடம் ஆனது. 2018-இல் ஜகார்த்தாவில் பெங்களூரு ஃபவாத் மிர்சா வெள்ளி வாங்கினார், 2019-இல் அவருக்கு அர்ஜுனா விருது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆம் இடம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரசாஜ் (குதிரையைச் சொன்னபடி அழகாக நடக்க வைக்கும் போட்டி) அணி தங்கம் வாங்கியது.

இவர்களுக்குக் கிடைத்த மரியாதை அத்தனையும் நியாயம். ஆனால் ஜகார்த்தாவில் மிர்சா ஏறிய செனியோர் மெடிகாட் என்ற குதிரையின் பெயரை என் வகுப்பில் கேட்டால் யாருக்கும் தெரியாது. நம் தேசிய விருதுகளில் குதிரைக்கு இடமில்லை, குதிரையைப் பராமரிப்பவருக்கும் இல்லை. டெல்லியில் இல்லாததை நாம் பாளையங்கோட்டையில் தொடங்கலாமே? அதற்கு யார் அனுமதி வேண்டும்?


தாதன்குளம் தச்சர்

படித்தவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை. தடைக்குக் கட்டையும் தாங்கியும் செய்து கொடுத்தது நான்தான். கட்டை உட்காருகிற குழியை ஆழமாக வைக்காதீர்கள், குதிரைக் கால் பட்டால் கட்டை உருண்டு விழ வேண்டும் என்று பொருநைக்கரையான் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். மாட்டிக்கொண்டால் குதிரை தலைகுப்புற விழுமாம். அதனால் குழியை மேலோட்டமாகத்தான் வெட்டியிருக்கிறேன். பரிசு வேண்டாம். போட்டி அன்றைக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள், கட்டை சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.


பேட்டைக்காரன்

சரி. களம் அமைத்தவரையும் லாயத்தில் உழைப்பவரையும் பாராட்டுவதில் எனக்கு இனி மறுப்பில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. யாராக இருந்தாலும் நன்றாக விசாரித்து, என்ன செய்தார் என்று எழுத்தில் வைத்துவிட்டுக் கொடுங்கள். அமெரிக்காவில் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பயிற்சியாளர் என்று பல வருடம் கொண்டாடப்பட்ட ஒருவர், சிறுவர்களிடம் தவறாக நடந்தார் என்ற புகாரில் 2019-இல் வாழ்நாள் தடை வாங்கினார். கௌரவம் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசியுங்கள். அதைவிட, அந்தக் கௌரவத்தைப் பார்த்து நம்பிப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரை யோசியுங்கள். நம் ஊரிலும் பிள்ளைகள்தான் பழக வருகிறார்கள்.


பொருநைக்கரையான்

இதை மறுக்கவே முடியாது அண்ணாச்சி. பெயர் சொல்கிறவர் மட்டும் போதாது, அந்த ஆளிடம் பழகிய பிள்ளைகள், அவர்கள் வீட்டார், கூட வேலை செய்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் முடிவு. குதிரையை அடித்து வேலை வாங்குகிறவர் என்று தெரிந்தால் எத்தனை பரிசு வாங்கியிருந்தாலும் அவருக்கு இடமில்லை.


ராமையன்பட்டி மாணவி

அப்படியென்றால் குதிரைக்கான கௌரவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாலை போட்டுப் படம் எடுப்பதோடு முடிக்காதீர்கள். செண்டை மேளத்துக்கும் வெடிக்கும் பக்கத்தில் மாலையோடு நிறுத்தினால் அதற்கு அது தண்டனை. வயதான குதிரைக்கு வேண்டியது நிழல், தண்ணீர், பல் தேய்ந்த பிறகு மெல்ல முடிகிற தீவனம், குளம்புப் பராமரிப்பு. ஓட முடியாத குதிரையைத் தெருவில் விட்டுவிடுகிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது, பைபாஸில் ராத்திரி லாரி அடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உழைத்து முடித்த குதிரையைக் கடைசிவரை வைத்துச் சோறு போடுகிற வீட்டைத் தேடிப் பாராட்டுங்கள்.

தரையையும் பாருங்கள். சரள் தரையில் தாண்டவிட்டால் குளம்பு அடி வாங்கும். அதற்குப் பதில் தேரி மணலைக் கொட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கால் புதைந்து பின்நரம்பு இழுத்துக்கொள்ளும். மண்ணை உழுது, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, லேசாக அமுக்கிய தரை போதும். காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். தை மாதமானாலும் நம் வெயில் நம் வெயில்தான்.


வல்லநாட்டுச் சாரதி

இந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே நோட்டீஸில் அச்சடிக்கலாம்.


பொருநைக்கரையான்

எல்லோரும் பேசியதை வைத்து நாங்கள் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம். இந்த வருடம் மூன்று பேருக்குத்தான் பாராட்டு. லாயத்தில் உழைக்கிறவர் ஒருவர், லாடமோ களமோ கைத்தொழிலால் உதவியவர் ஒருவர், வயதான குதிரையைக் கைவிடாமல் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று. சவாரியில் ஜெயிக்கிற பிள்ளைகளுக்குப் போட்டிப் பரிசு தனியாக இருக்கிறது. இடமும் பணமும் கொடுத்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே நன்றி சொல்லிவிடுவோம், அவர்களிடமும் பேசியாயிற்று, வருத்தமில்லை என்றார்கள்.

பொன்னாடை கிடையாது. ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி மேடையில் முழுதாக வாசிப்போம்: எந்த ஊர், யாரிடம் தொழில் கற்றார், எந்தெந்தக் குதிரைகள் அவர் கையில் வளர்ந்தன, குதிரைகளின் பெயர் உட்பட. எழுதிக்கொடுக்கச் சேரன்மாதேவி டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிரதியைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் வாங்கி வைப்பார்களா என்று கேட்கப் போகிறோம். தச்சர் அண்ணாச்சிக்கு முன்வரிசை நாற்காலி உறுதி. லாடக்கடை அண்ணாச்சி, உங்கள் அப்பாவோடு தொழில் செய்தவர்களின் பெயர்களைத் தனியாக எழுதி அனுப்புங்கள், அந்தப் பட்டியலும் வாசிக்கப்படும்.

பெயர் சொல்ல விரும்புகிறவர்கள் கார்த்திகை முடிவதற்குள் சொல்லுங்கள். யார் என்பதை இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள். விசாரிக்க எங்களுக்கு மார்கழி முழுவதும் வேண்டும்.


லாடக்கடை

பெயர்களை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழெட்டுப் பேர் வருவார்கள். இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவர் மேலப்பாளையம், இன்னொருவர் களக்காடு. வண்டி வைத்து அழைத்து வர ஏற்பாடு உண்டா?


பொருநைக்கரையான்

உண்டு அண்ணாச்சி. முதல் நாள் சாயங்காலமே கார் அனுப்புகிறோம்.